மயக்க ஊசிக்குப் பிறகான நாற்பது நிமிடம்

2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் புகுந்ததைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளைகள் பலர் இப்போது பிளஸ் டூ வயதில் இருக்கிறார்கள். யானைக்கு ஊசி போடும் டாக்டராக வேண்டும் என்ற ஆசை இந்தப் பக்கத்தில் புதிதல்ல. தேனிக் கூடலூரிலும் உண்டு, நீலகிரிக் கூடலூரிலும் உண்டு. (இரண்டு கூடலூரும் கேரள எல்லையில் உட்கார்ந்திருப்பதால் பேருந்து விசாரிக்கும்போது மட்டும் குழப்பம்.) அந்த ஆசையோடு இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஆப்பிரிக்கப் பயிற்சி விளம்பரம்தான். படுத்துக் கிடக்கும் காண்டாமிருகம், அதன் முதுகில் கைவைத்துச் சிரிக்கும் மாணவி, பின்னால் ஹெலிகாப்டர். இரண்டு மூன்று வாரம், கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு. போகலாமா?

போகலாம். ஆனால் அந்தப் படம் காட்டும் காரணத்துக்காகப் போனால் காசு வீண். துப்பாக்கியைப் பிடிப்பது ஒரு நொடி வேலை, அதுவும் உங்களுக்குக் கிடைக்காது. விலங்கு மயங்கியதிலிருந்து எழுந்து போகும் வரையுள்ள முப்பது, நாற்பது நிமிடம்தான் மருத்துவம். அந்த நிமிடங்களைக் கணக்கு வைக்கும் வேலை உங்களுக்குக் கிடைக்கும். உருப்படியாகக் கற்றுக்கொண்டு திரும்பக்கூடியதும் அதுவே.

முதலில் சட்டம். தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவத் தொழிலை 1982ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பதிவு பெறாத ஒருவர் விலங்குக்குத் தன் இஷ்டத்துக்குச் சிகிச்சை செய்ய அங்கே இடமில்லை. இங்கே இன்னும் கறார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்கைப் பிடிப்பதையும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. முதல் அட்டவணை விலங்கான யானைக்கு மயக்க ஊசி போட, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். எனவே ‘எங்கள் திட்டத்தில் நீங்களே ஊசி போடலாம்’ என்று முதல் வருடம்கூடப் படிக்காதவரிடம் ஓர் அமைப்பு சொன்னால், அங்கே விலங்குக்கும் பாதுகாப்பில்லை, உங்களுக்கும் பாதுகாப்பில்லை.

சிங்கக்குட்டிக்குப் பாட்டிலில் பால் கொடுக்க அழைக்கும் இடங்களையும் இதே கணக்கில் தள்ளிவிடுங்கள். காட்டுக்குத் திரும்ப வேண்டிய குட்டியை வாரத்துக்கொரு புதுக் கையில் கொடுக்க மாட்டார்கள். கொஞ்சிப் பழகிய குட்டி வளர்ந்தபின் போகும் இடம் பெரும்பாலும் வேலிக்குள் வேட்டை நடக்கும் பண்ணை. கூண்டுச் சிங்க வளர்ப்பை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக தென்னாப்பிரிக்க அரசே 2021இல் அறிவித்தது. நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க மின்னஞ்சலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘நான் வரும் வாரங்களில் விலங்கைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?’ ‘பிடிக்க மாட்டோம், வகுப்பும் பிரேதப் பரிசோதனையும் ஆய்வகமும் இருக்கும்’ என்று பதில் வந்தால் நம்பலாம். தினமும் ஒரு விலங்குக்கு உத்தரவாதம் தருகிறவர்கள், மாணவருக்குக் காட்டுவதற்காகவே விலங்கை மயக்குகிறார்கள். மயக்கம் ஒவ்வொன்றும் உயிருக்கு ஆபத்து. காட்சிக்காக அதைச் செய்வது எந்த ஊரிலும் தப்புதான்.

காலம் அடுத்த சிக்கல். அங்கே விலங்கு பிடிக்கும் பருவம் அவர்களுடைய குளிர்காலம், ஏறக்குறைய மே முதல் ஆகஸ்ட் வரை. வெயிலில் மயங்கிய விலங்கின் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும் என்பதால், குளிர்காலத்திலும் விடிகாலையிலேயே வேலையைத் தொடங்குவார்கள். நமக்கு அதே மாதங்களில்தான் பிளஸ் டூ முடிவு, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக விண்ணப்பம், கலந்தாய்வு எல்லாம் வரும். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணில் 200க்குக் கணக்கிடும் கட் ஆஃப்தான் எல்லாம். மீதி 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு நீட் வேண்டும். கேரளத்தில் மண்ணுத்தி, பூக்கோடு கல்லூரிகளுக்கும் நீட் வழிதான். ஆப்பிரிக்கச் சான்றிதழுக்கு இவற்றில் எங்கும் அரை மதிப்பெண்கூடக் கிடையாது. கலந்தாய்வை விட்டுவிட்டுப் போக வேண்டாம். முதலாண்டு சேர்ந்தபின் விடுமுறையில் போவது இன்னும் நல்லது, உடற்கூறியலாவது கொஞ்சம் தெரிந்திருக்கும்.

சரி, ஒரு நாள் காலை அங்கே என்ன நடக்கும்?

வண்டி கிளம்பும் முன் டார்ட் நிரப்புவார்கள். டார்ட் என்பது பறக்கும் சிரிஞ்சு. முன்னறையில் மருந்து, நடுவில் பிஸ்டன், பின்னறையில் ஊசியால் ஏற்றிய அழுத்தக் காற்று, வாலில் நேராகப் பறக்கவைக்கும் குஞ்சம். ஊசியின் நுனியில் துளை இருக்காது. பக்கவாட்டில் இருக்கும், அதை ஒரு சிலிக்கான் உறை மூடியிருக்கும். தோலில் குத்தும்போது உறை பின்னால் ஒதுங்கி துளை திறக்கும், காற்று பிஸ்டனைத் தள்ள மருந்து உள்ளே போகும். பழுது வருவதெல்லாம் இந்தச் சின்ன இடங்களில்தான். பழைய உறை தளர்ந்திருந்தால் பறக்கும்போதே மருந்து வழியும். காற்றழுத்தம் குறைந்தால் பாதிதான் இறங்கும். யானைக்கு 60 மில்லிமீட்டர் அளவில் நீண்ட ஊசி வேண்டும். குட்டையானது தோலிலேயே நின்றுவிடும், கொழுப்பில் போன மருந்து மெதுவாக ஏறும். தூரத்தைத் தப்பாகக் கணித்து அழுத்தத்தைக் கூட்டிவைத்தால் சின்ன மானின் தொடை எலும்பு முறியும். அதனால் வேலைக்குப் போகும் முன் அதே அளவு தண்ணீர் நிரப்பிய டார்ட்டை அதே தூரத்தில் அட்டையில் சுட்டுப் பார்ப்பார்கள். காலி டார்ட்டும் நிரம்பிய டார்ட்டும் ஒரே பாதையில் பறக்காது.

நிரப்பும் மேசைக்கு மாணவர்கள் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். காரணம் எட்டார்ஃபின் என்ற மயக்க மருந்து. மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமுள்ளது. கையில் கீறல் இருந்தாலோ கண்ணில் தெறித்தாலோ ஒரு துளி ஆளைச் சாய்த்துவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் புட்டியைத் தொட மாட்டார்கள், தனியாளாகவும் நிரப்ப மாட்டார்கள். பக்கத்தில் கழுவத் தண்ணீர் இருக்கும், மனிதருக்கான மாற்று மருந்தும் (மயக்க மருந்தின் வேலையை முறிப்பது) தயாராக இருக்கும். இதெல்லாம் நடக்கிறதா என்று முதல் நாளே கவனியுங்கள். நடக்காத இடத்தில் இரண்டாம் நாள் இருக்க வேண்டாம்.

டார்ட் பட்ட நொடியில் உங்கள் வேலை தொடங்குகிறது: கடிகாரம். டார்ட் பட்ட நேரம், முதல் அறிகுறி, படுத்த நேரம், மாற்று மருந்து போட்ட நேரம், எழுந்த நேரம் ஆகிய ஐந்தும் எந்தப் பதிவிலும் தவறக்கூடாது. 24 மணிக் கணக்கில், பென்சிலால். பேனா மை மழையில் கரையும், வியர்வையிலும் கரையும். முதல் அறிகுறியைக் கண்டுபிடிப்பது பழக்கத்தில்தான் வரும். காண்டாமிருகம் குதிரை நடைபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். சைலசின் என்ற மயக்க மருந்து போட்ட நம் யானையில் காது ஆட்டுவது குறையும், வால் ஓயும், தும்பிக்கை நுனி தளர்ந்து தொங்கும், குறட்டை கேட்கும். பதினைந்து இருபது நிமிடமாகியும் ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்த ஊசிக்கு அவசரப்படக்கூடாது. விழுந்த டார்ட்டைத் தேடி எடுத்து, மருந்து முழுக்க இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். பாதி இறங்கியிருந்தால் ஒரு கணக்கு, முழுக்க இறங்கியும் விரட்டலின் படபடப்பில் மருந்து எடுபடாமல் இருந்தால் வேறு கணக்கு. துரத்தினால் இரண்டாவதுதான் நடக்கும்.

படுத்தவுடன் கண்ணை மூடுவார்கள், காதில் பஞ்சோ துணியோ வைப்பார்கள், கண்ணில் களிம்பு தடவுவார்கள். மயங்கிய விலங்குக்கு இமை மூடாது, விழியின் மேற்படலம் காய்ந்துவிடும். எப்படிப் படுக்கவைப்பது என்பது விலங்குக்கு விலங்கு மாறும். மான், எருமை போன்ற அசைபோடும் விலங்கை நெஞ்சின்மேல் உட்காரவைத்துத் தலையை உயர்த்தி, மூக்கை மட்டும் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வாயு அடைக்காது, எச்சில் மூச்சுக்குழலுக்குள் போகாது. யானைக்கு இதே நிலை எமன். யானையின் நுரையீரல் மற்ற விலங்குகளைப்போல நெஞ்சுக்குள் தனித்து வழுக்கி அசைவதில்லை, நெஞ்சுச்சுவரோடு இணைப்புத் திசுவால் ஒட்டியிருக்கிறது. நெஞ்சின்மேல் விழுந்துகிடந்தால் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை அழுத்தி மூச்சை அடைக்கும். சில நிமிடங்களுக்குள் கயிறு போட்டு, வண்டியால் இழுத்தாவது பக்கவாட்டில் சாய்த்துவிட வேண்டும். பிறகு தும்பிக்கையை மடங்காமல் நீட்டி, நுனித்துளை மூடிக்கொள்ளாதபடி ஒரு குச்சியை வைத்துத் திறந்துவைப்பார்கள். அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலை மாணவருக்கு வரும். அற்பமாகத் தோன்றும், ஆனால் அந்த முகாமில் மிக முக்கியமான வேலை அதுதான்.

மூச்சு எண்ணுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் தவறுவது இங்கேதான். மனிதருக்குச் செய்வதுபோலப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கக்கூடாது. மயங்கிய பெரிய விலங்கு நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் விடுகிறது என்று வையுங்கள். பதினைந்து நொடியில் ஒன்றும் எண்ணலாம், இரண்டும் எண்ணலாம். பெருக்கினால் நான்கு அல்லது எட்டு. நான்கென்றால் டாக்டர் மாற்று மருந்தை எடுப்பார், எட்டென்றால் நிம்மதியாக இருப்பார். முழு நிமிடம் எண்ணுங்கள். விலா ஏறுவதை மட்டும் நம்பாமல் மூக்கின் முன்னால் புறங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று உணருங்கள். தொண்டை அடைத்தபோதும் விலா ஏறி இறங்கும், காற்று மட்டும் வராது. நாக்கிலோ காதிலோ மாட்டும் ஆக்சிஜன் அளவி 90க்குக் கீழே காட்டினால் உடனே குரல் கொடுக்க வேண்டும். நிறமுள்ள தோலில் அது தப்பாகவும் காட்டும், அதனால் ஈறின் நிறத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். எட்டார்ஃபின் போட்ட காண்டாமிருகத்தில் ஆக்சிஜன் குறைவது அன்றாடம் நடப்பதுதான். பூட்டார்ஃபனால் என்ற மருந்தைக் கொடுத்து மூச்சைத் தூக்கிவிடுவார்கள்.

உடல் சூடு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. மானினத்தில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அளவெடுப்பது, படமெடுப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றி, விலங்கை எழுப்பிவிட வேண்டும். இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், பிடிபடும் விலங்கைக் கொல்வது பெரும்பாலும் மருந்து அல்ல, ஓட்டம். துரத்தப்பட்ட விலங்கின் தசையில் அமிலம் சேர்ந்து, தசை சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் காப்பித் தூள் நிறத்தில் வரும். எழுந்து நடந்துபோன மான் மூன்று நாள் கழித்தும், சில வேளை வாரங்கள் கழித்தும் செத்துக் கிடக்கும். அன்றைக்குக் கைதட்டிவிட்டு ஊருக்கு வந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. துரத்திய நேரத்தையும் பதிவில் எழுதச் சொல்வது இதற்குத்தான்.

ரத்தம் எடுத்த குழாயைக் கையில் கொடுப்பார்கள். ஊதா மூடிக் குழாயில் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். இளநீரைக் குலுக்குவதுபோலக் குலுக்கினால் செல்கள் உடைந்து மாதிரி பாழ். சிவப்பு மூடியைச் சும்மா நிமிர்த்தி வைத்தால் உறைந்து சீரம் பிரியும். பனிக்கட்டியை நேராகத் தொடவிடாதீர்கள், துணி சுற்றி வையுங்கள். விலங்கின் எண்ணை ரத்தம் எடுப்பதற்கு முன்பே குழாயில் எழுதிவிட வேண்டும். காண்டாமிருகமாக இருந்தால் ரோமம், ரத்தம், கொம்புத்தூள் மாதிரிகள் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஆண்டர்ஸ்டிபூர்ட் ஆய்வகத்திலுள்ள டி.என்.ஏ. பதிவேட்டுக்குப் போகும். கள்ளச்சந்தையில் பிடிபடும் கொம்பு எந்த விலங்குடையது என்று அதை வைத்துத்தான் நீதிமன்றத்தில் காட்டுகிறார்கள். கொம்பு வெட்டும் நாளில் உங்களுக்கு வருவது தண்ணீர்க் குடமும் மூச்சுக் கணக்கும்தான். வளர்திசுவுக்கு மேலே அடிக்கட்டையை விட்டுவிட்டு ரம்பத்தால் அறுப்பார்கள், நகம் வெட்டுவதுபோல. திரும்ப வளரும்.

இனி, அங்கே பார்ப்பதில் எது இங்கே உதவும் என்பதற்கு வருவோம். அங்கே விலங்கைப் படுக்கவைக்கிறார்கள். நாம் பெரும்பாலும் நிற்கவைக்கிறோம். சமவெளிப் புல்வெளியில் ஹெலிகாப்டரும் எட்டார்ஃபினும் சரி. சின்னக்கானல் சரிவிலோ வால்பாறைத் தேயிலைக்குள்ளோ யானை விழுந்தால் எழுப்பி லாரியில் ஏற்ற முடியாது. அதனால் சைலசினும் கெட்டமினும் அளவாகக் கொடுத்து, தூக்கக் கலக்கத்தில் நிற்கும் யானையை இரண்டு பக்கமும் கும்கிகள் (பழக்கிய யானைகள்) நெருக்கி, காலில் வடம் போட்டு, லாரிக்குள் தள்ளி ஏற்றுகிறோம். இந்த நிலைக்கு ஒரு குணம் உண்டு. சத்தம் கேட்டால் யானை திடீரென்று தெளியும். கூட்டமும் பட்டாசும் ட்ரோனும் அந்த நேரத்தில் மருந்துக்கு எதிர்மருந்து. ஆப்பிரிக்கப் பயிற்சியில் இதற்கு மிக நெருக்கமான காட்சி, காண்டாமிருகத்தைக் கூண்டில் ஏற்றுவது. பாதி மட்டும் தெளியவைத்து, கண்ணைக் கட்டி, தலையில் ஒரு கயிறும் பின்னங்காலில் தடைக்கயிறும் போட்டு நடத்திக்கொண்டே கூண்டுக்குள் விடுவார்கள். மூன்று வாரத்தில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கச் சொன்னால் ஹெலிகாப்டரை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

இன்னொரு வித்தியாசம் எல்லை. அரிக்கொம்பனைக் கேரள வனத்துறை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்தது. விக்ரம், சூர்யா, குஞ்சு, சுரேந்திரன் என நான்கு கும்கிகள். ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகள் போட்டு, மழைக்கு நடுவே லாரியில் ஏற்றி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பத்தில். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடி மயக்கிப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அதற்கு முன்பே இதன் தலைகீழ்க் கதை நடந்திருக்கிறது. 2022 டிசம்பரில் பந்தலூர்ப் பக்கம் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி முதுமலையில் விட்ட பி.எம். 2 என்ற மக்னா (தந்தமில்லாத ஆண் யானை), 2023 ஜனவரியில் சுல்தான் பத்தேரி கடைவீதியில் நின்றது. அங்கே கேரளம் பிடித்தது. 2024 பிப்ரவரியில் மானந்தவாடிக்குள் வந்த தண்ணீர் கொம்பன், சில வாரங்களுக்கு முன்தான் கர்நாடகத்தில் ஹாசன் பக்கம் பிடித்து இடம்மாற்றப்பட்ட யானை. மானந்தவாடியில் மறுபடி பிடித்து பந்திப்பூருக்குக் கொண்டுபோன மறுநாளே இறந்தது.

இரண்டாவது முறை மயக்கப்போகும் டாக்டருக்குத் தெரிய வேண்டியது என்ன? போன முறை எத்தனை மில்லிகிராம், எத்தனை ஊசி, எத்தனை நிமிடத்தில் தளர்ந்தது, சூடு எவ்வளவு ஏறியது, மாற்று மருந்துக்கு எப்படித் தெளிந்தது, உடம்பில் ஏற்கெனவே என்ன காயம். இதெல்லாம் பக்கத்து மாநில டாக்டரின் பையிலுள்ள ஒரு தாளில் இருக்கிறது. விலங்கு எல்லை தாண்டினால் அந்தத் தாளும் தாண்ட வேண்டும். இன்னொரு மொழிக்காரர், இன்னொரு துறைக்காரர் படித்தாலும் புரியும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘ஊசி போட்டோம், சரியாகிவிட்டது’ என்று எழுதினால் அது பதிவே அல்ல. மூன்று வாரத்தில் இந்த ஒரு பழக்கம் கையில் ஏறிவிட்டால் கொடுத்த காசு தேறிவிட்டது என்றே சொல்லலாம்.

போகும் முன் ஊரிலேயே செய்யக்கூடியது நிறைய. பக்கத்து கால்நடை மருந்தகத்தில் அனுமதி கேட்டு ஒரு மாதம் காலையில் நில்லுங்கள். ஆடு, கன்றுக்குட்டிகளின் மூச்சையும் நாடியையும் எண்ணி எழுதுங்கள். மருந்துக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள்: எடையை, கிலோவுக்கான மில்லிகிராமால் பெருக்கி, புட்டியின் செறிவால் வகுக்க வேண்டும். 300 கிலோ மாட்டுக்குக் கிலோவுக்கு 0.1 மி.கி. சைலசின் என்றால் 30 மி.கி. மில்லிக்கு 20 மி.கி. உள்ள புட்டியில் அது 1.5 மி.லி. அதே 1.5 மி.லி.யை மில்லிக்கு 100 மி.கி. உள்ள புட்டியிலிருந்து எடுத்தால் 150 மி.கி., ஐந்து மடங்கு. இரண்டு செறிவும் கடையில் உண்டு. குதிரைக்குக் கொடுக்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். புட்டியில் எழுதியிருப்பதை உரக்கப் படிப்பது ஏன் விதியாக இருக்கிறது என்று புரியும்.

யானை முகாம் பக்கத்தில் இருந்தால் பாகர்களிடம் கேளுங்கள். டாப்சிலிப் கோழிக்கமுத்தியிலும் முதுமலை தெப்பக்காட்டிலும் இருப்பவர்களுக்குக் கைவந்த கணக்கு ஒன்று உண்டு: முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம். எடையை ஊகிக்க அதுவே தொடக்கம். அப்போதுதான் போட்ட சாணப் பிண்டத்தின் நடுவில் வெப்பமானியைச் செருகினால் யானையைத் தொடாமலே உடல் சூடு கிடைக்கும், சாதாரணமாக 36, 37 டிகிரி. ஆப்பிரிக்காவில் இதைச் சொன்னால் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

உடம்புக்கான ஏற்பாட்டை மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே 0, 7, 21 அல்லது 28ஆம் நாள்களில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கடி பட்டாலும் 0, 3ஆம் நாள்களில் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. தொலைவான முகாமில் அது கிடைக்காமல் அலைய வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய லாபம். ஆனால் காயத்தைச் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதை எந்தத் தடுப்பூசியும் ஈடுகட்டாது. டெட்டனஸ் ஊசி காலாவதியாகியிருந்தால் புதுப்பியுங்கள். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா பக்கம் மலேரியா உண்டு. டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்தால் ஊர் திரும்பியபின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும், பலர் விமானம் ஏறியதும் நிறுத்திவிடுகிறார்கள். உகாண்டா, கென்யா என்றால் கதை வேறு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில் போட்டு மஞ்சள் அட்டை வாங்க வேண்டும். அட்டையில்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு நேராகப் போனால் இது தேவையில்லை, ஆனால் மலிவு டிக்கெட் நைரோபி வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ போகும். அங்கே நீண்ட நேரம் தங்கினால் கேட்பார்கள்.

பதினெட்டு நிறையாதவர்கள் பிறப்புச் சான்றிதழைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்கா, பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுச் சான்றிதழையும், உடன் வராத பெற்றோரின் சம்மதப் பிரமாணப் பத்திரத்தையும் கேட்கும். குழந்தையின் பெயர் சேர்க்காமல் பதிந்த பழைய சான்றிதழ்கள் நம் ஊர்களில் ஏராளம். நகராட்சியில் அதைத் திருத்தவே மாதக்கணக்காகும். உடை காக்கி அல்லது மண் நிறம். கருநீலமும் கறுப்பும் கடித்து நோய் பரப்பும் செட்சீ ஈயை இழுக்கும். ராணுவப் புள்ளி போட்ட உடையைச் சில ஆப்பிரிக்க நாடுகளில் பொதுமக்கள் போடுவதே குற்றம்.

திரும்பும்போது பையில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். முள்ளம்பன்றி முள், இறகு, கொம்புத் துண்டு எதுவும் வேண்டாம். சுங்கத்தில் பிடிபட்டால் வனவிலங்குப் படிப்பு வனவிலங்கு வழக்கோடு தொடங்கும். அதைவிடப் பெரிய கடத்தல் பூட்ஸில் நடக்கிறது. குரூகர் எருமைகள் கோமாரி வைரஸைச் சுமப்பவை. பூட்ஸின் மண்ணை முதலில் தூரிகையால் முழுக்கச் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான் கிருமிநாசினியில் ஊறவைக்க வேண்டும், மண்ணும் சாணமும் இருந்தால் மருந்து வேலை செய்யாது. வீட்டில் மாடு இருந்தால் ஒரு வாரம் தொழுவத்துக்குப் போகாதீர்கள். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அங்கே பிரேதப் பரிசோதனை பார்த்துவிட்டு வந்த தைரியத்தில் இங்கே செத்துக் கிடக்கும் விலங்கைத் திறக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2021இல் ஆனைகட்டிப் பக்கம் ஒரு யானை அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் இறந்தது. 2022இல் அதிரப்பள்ளியில் காட்டுப்பன்றிகள் அதே நோயில் செத்தன. திடீரென்று செத்த விலங்கு, வயிறு ஊதல், மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் என்றால் கத்தியே எடுக்கக்கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி வித்தாக மாறி அந்த மண்ணில் பல வருடம் கிடக்கும். டாக்டர் முதலில் காதுநரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார், அடைப்பான் என்றால் திறக்காமலே எரிப்பார்கள் அல்லது சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைப்பார்கள். உங்கள் வேலை தள்ளி நின்று வனத்துறைக்குச் சொல்வது, ஆடு மாடு அந்தப் பக்கம் போகாமல் பார்ப்பது.

வெளிநாட்டில் முறையாகப் படிக்க வேண்டும் என்றால் அதற்கான நேரம் பி.வி.எஸ்சி. முடித்தபின். பயிற்சிக்காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம். இப்போது தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும் கல்லூரிகள் இருப்பதால் எல்லையோரப் பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் பூக்கோட்டில் வன உயிரின ஆய்வு மையமே இருக்கிறது. பட்டம் வாங்கியபின் லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரியும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து நடத்தும் வனவிலங்கு நலத்துக்கான முதுநிலைப் படிப்பு ஒரு வருடம். எடின்பரோவின் வனவிலங்குப் பாதுகாப்பு மருத்துவப் படிப்பை வேலை பார்த்துக்கொண்டே இணையத்தில் படிக்கலாம். பட்டத்தையே வெளிநாட்டில் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டத்தின் அட்டவணையை எடுத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் இங்கே பதிவு பெறுவது பெரும்பாடு. பதிவு இல்லாமல் இங்கே டாக்டராகக் கன்றுக்குட்டிக்குக்கூட ஊசி போட முடியாது.